பழைய பாய்மரப் படகு வாங்குமுன்: கை எட்டாத இடங்களைப் பாருங்கள்

விற்பனைக்கு வரும் படகில் மெத்தை உறை புதிதாக இருக்கும், மரவேலை வார்னிஷில் மின்னும், ஜிபிஎஸ் திரைகூடப் புதிதாக இருக்கும். இதையெல்லாம் பார்த்து மயங்க வேண்டாம். 30, 40 வயதான ஃபைபர் படகைத் தொடலாமா கூடாதா என்பதைச் சொல்பவை மேல்தட்டின் உள்ளடுக்கு, படகின் அடியில் தொங்கும் கனமான கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், தரைப்பலகைக்கு அடியில் கிடக்கும் டீசல் தொட்டி போன்ற மறைவிடங்கள்தான். கிழிந்த பாயைக் கழற்றி வேறு மாட்டிவிடலாம். ஊறிப்போன மேல்தட்டைச் சரிசெய்யப் படகையே பாதி பிரிக்க வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல், டார்ச், பூதக்கண்ணாடி, கைப்பிடி உள்ள சிறு முகக்கண்ணாடி, பழைய பருத்தித் துணி, சாக்பீஸ். இவை கையில் இருந்தால் போதும். அழுக்கானாலும் கவலையில்லாத உடையில் போங்கள்.

முதலில் மேல்தட்டு. பெரும்பாலான பழைய படகுகளில் இது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துக் கட்டியது. கைப்பிடிக் கம்பிக்கால், கயிறு கட்டும் கொம்பு, ஜன்னல் என்று அதில் போட்ட ஒவ்வொரு துளையும் மழைநீருக்கு ஒரு வாசல். துளையை அடைத்த பசை சில ஆண்டுகளில் காய்ந்து விரிசல் விட, தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தைக் கூழாக்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

ஒரு கம்பிக்காலின் அடியில் தொடங்கி 5 செ.மீ. இடைவெளியில் வெளிநோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக், டக்’ என்று துல்லியமாகப் பதில் சொல்லும். ஊறிய இடம் ‘தொப்’ என்று மழுங்கும். ஒலி மாறும் புள்ளியில் சாக்பீஸால் குறியுங்கள். அரைமணி நேரத்தில் ஊறலின் எல்லை வரைபடம் போலத் தளத்தின் மேலேயே தெரிந்துவிடும். ஒரு பொருத்துக்கட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலம் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். பாய்மரத்தைச் சுற்றியோ, நடக்கும் பக்கவாட்டில் பல அடி நீளத்துக்கோ ஊறியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். ஈரமானியை அப்படியே நம்ப வேண்டாம். பக்கத்தில் உலோகம் இருந்தாலும், அடிப்பகுதிப் பெயின்டில் செம்பு இருந்தாலும் முள் எகிறும். எங்கே மறுபடி தட்டிப் பார்க்கலாம் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. மேல்தட்டில் தேக்குப் பலகை திருகி ஒட்டியிருந்தால், அழகோடு சேர்த்து நூற்றுக்கணக்கான திருகுத் துளைகளையும் வாங்குகிறீர்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்கள் படகோடு இணையும் பட்டைகளான செயின்பிளேட்டுகளும் இதே தண்ணீருக்குத்தான் பலியாகின்றன. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேற்பரப்பில் காற்று படவேண்டும். மேல்தட்டைத் துளைத்துப்போகும் அந்தக் குறுகிய இடத்தில் ஈரம் உண்டு, ஆக்சிஜன் இல்லை. மேலேயும் கீழேயும் பளபளக்கும் பட்டை, நடுவில் அரிக்கப்பட்டிருக்கும். உட்புறச் சுவரில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால், ஒரு பட்டையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஃபைபருக்குள் புதைத்துக் கட்டிய பட்டையைச் சோதிக்கவே முடியாது. அதை மாற்றும் செலவை முதல் நாளே கணக்கில் சேருங்கள்.

வடங்களுக்கு 10 முதல் 15 ஆண்டுதான் நம்பகமான ஆயுள். கடைசியாக மாற்றியதற்குப் பில் கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணியை வடத்தின் மேல் இழுத்தால் அறுந்த இழை அதில் மாட்டும். வெறும் கையால் செய்தால் அது விரலில் ஏறும். வடத்தின் முனையை இறுக்கிப் பிடிக்கும் குழலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பாய்மரம் மேல்தட்டில் நிற்கும் வகை என்றால் அதற்கு நேர் கீழே உள்ள கதவைச் சாத்திப் பாருங்கள். கதவு சட்டத்தில் உராய்ந்தால் தளம் அமுங்கியிருக்கலாம்.

அடுத்ததைப் பார்க்கப் படகைக் கரையேற்ற வேண்டும். தூக்கியின் பட்டைகளில் தொங்கும்போதும், கீலின்மேல் இறக்கி வைக்கும்போதும் கீலும் உடலும் சேரும் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பூச்சில் மட்டும் விழுந்த வெடிப்பு அசையாது. தொங்கும்போது திறந்து, இறக்கியதும் மூடிக்கொள்ளும் வெடிப்பு என்றால் போல்ட்டுகளில் கோளாறு. படகு தரைதட்டினால் கீலின் பின்முனை மேல்நோக்கி உடலைக் குத்தும். ஆகவே உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, அந்த இடத்தின் குறுக்குக் கட்டைகளில் விரிசல் தேடுங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சுக்கானின் அடியைப் பிடித்து ஆட்டுங்கள். கரையேற்றி நேரமான பிறகும் பழுப்பு நீர் கசிந்தால் உள்ளே இரும்பு கரைகிறது. அடிப்பகுதியில் சில கொப்புளங்களும் அவற்றில் வினிகர் வாடையும் இருந்தால் அலற வேண்டாம், அதனால் படகு மூழ்குவது அரிது. உடலைத் துளைத்துக் கடல்நீர் வந்துபோகும் குழாய்களின் வால்வுகள் அப்படியல்ல. ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள், கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். பொன்னிறம் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஒருநாள் கையோடு வந்துவிடும்.

எஞ்சினை நீங்கள் வருமுன் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் முதலில் அதைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் கிளம்பச் சண்டித்தனம் செய்யும் எஞ்சினாக இருக்கலாம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எஞ்சினுக்குப் பாரம் ஏறும்போது கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது நீருக்கடியில் படகை உந்தும் விசிறியில் சிப்பி படிந்திருக்கிறது. அளவுக்கோலில் எண்ணெய் பால்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியரில் போட்டு முழு வேகத்தில் 10 நிமிடம் ஓட்டும்போது தயாரிப்பாளர் சொன்ன சுழற்சியை எட்ட வேண்டும், வெப்பமானி ஏறிக்கொண்டே போகக் கூடாது. 30 ஆண்டில் 600 மணி நேரம்தான் ஓடியது என்பது பெருமையல்ல. சும்மா கிடந்த டீசல் எஞ்சின் உள்ளுக்குள் துருவேறும். டீசல் தொட்டியை அறைகலனை வெட்டாமல் வெளியே எடுக்க முடியுமா என்று அளந்தே பாருங்கள்.

காகிதத்திலும் ஒரு சோதனை உண்டு. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு, கவிழும் போக்கை அளக்க ஒரு சூத்திரம் வந்தது: அகலத்தை அடியில் எடுத்து, எடையைப் பவுண்டில் 64-ஆல் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். 10 அடி அகலம், 10,500 பவுண்டு என்றால் விடை 1.83. நெடுங்கடலுக்கு 2-க்குக் கீழே இருப்பது நல்லது. ஆனால் எடை கீலில் இருக்கிறதா பாய்மர உச்சியில் இருக்கிறதா என்று இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது.

விலை பேசும்போதே ‘சர்வே (நிபுணரின் படகுப் பரிசோதனை) திருப்தியாக இருந்தால் மட்டும்’ என்று எழுத்தில் வாங்குங்கள். சர்வேயரைத் தரகர் காட்டாமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். பொதுவாக அவர் பாய்மரத்தில் ஏற மாட்டார், எஞ்சினையும் பிரிக்க மாட்டார். அவற்றுக்கு வேறு ஆட்கள் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன், நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய் எல்லா அலமாரிகளின் மூலைகளையும் அந்தப் பழைய துணியால் துடைத்துப் பாருங்கள்.