எத்தனை பங்கு வாங்குவது?

எந்தப் பங்கு என்று தேடுவதற்கு முன், எத்தனை என்று கணக்குப் போடப் பழகுங்கள். கையில் உள்ள முதலீட்டுப் பணம் 1,00,000 ரூபாய் என்றால், ஒரு டிரேடில் போனால் போகட்டும் என்று விடக்கூடியது 1 சதவீதம், அதாவது 1,000. 250-க்கு வாங்கி 240-ல் ஸ்டாப் லாஸ் (விலை அங்கே இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போடும் ஆர்டர்) வைத்தால் பங்குக்கு 10 நஷ்டம். 1,000-ஐ 10-ஆல் வகுத்தால் 100 பங்கு. தரகுக் கட்டணமும் அதற்குள் அடங்க 95-ஓடு நிறுத்துங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: வாங்கிவிட்டு, விலை இறங்க இறங்க ஸ்டாப்பையும் கீழே நகர்த்துவது.

ஸ்டாப் லாஸ் உத்தரவாதம் அல்ல. இரவில் கெட்ட செய்தி வந்து காலையில் 228-ல் திறந்தால், கிடைக்கும் விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டராக ஸ்டாப் வைத்திருந்தால், அந்த விலையை ஒட்டித்தான் விற்கும். பங்குக்கு 22 போச்சு. 239-க்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்திருந்தாலோ, விலை மறுபடி அங்கே ஏறாதவரை விற்கவே விற்காது, பங்கு கையிலேயே கிடக்கும். அதனால், நிறுவனம் காலாண்டு லாப நஷ்டக் கணக்கை அறிவிப்பதற்கு முந்தைய நாள் பாதியை விற்றுவிடுவது நல்லது.