அப்பாவின் கணினிக்கு ஓர் அணைப்புப் பெட்டி

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கணினி ஒன்று அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. 2 ஜிபி நினைவகம்தான். அதனால் டெபியன் லினக்ஸ் மேல் ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரை மட்டும் நிறுவினேன். சாளரங்களைத் திறப்பது, நகர்த்துவது, மூடுவது ஆகியவற்றைக் கவனிப்பதோடு ஓப்பன்பாக்ஸின் வேலை முடிந்துவிடும். கணினியை அணைக்கவா என்று திரையில் கேட்கும் பெட்டி அதில் கிடையாது. மெனுவில் உள்ள வெளியேறும் வரியைத் தொட்டால் நுழைவுத் திரை வந்து நிற்கும்.

74 வயதான அப்பாவுக்கு அந்தத் திரையைக் கண்டாலே கணினி கெட்டுவிட்டதோ என்ற பயம். மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்வார். சுமார் 4 நொடி பிடித்தால் வன்பொருளே மின்சாரத்தை வெட்டிவிடும், எந்த மென்பொருளும் குறுக்கே வர முடியாது. ஒரு மாலை அப்படித்தான் கோயில் ஆடித் திருவிழாவின் நன்கொடைக் கணக்கு போயிற்று. ரசீதுப் புத்தகங்களைப் பரப்பிவைத்து இரண்டு நாள் திரும்ப அடித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் அந்தப் பெட்டியை நானே எழுதினேன். நீங்களும் எழுத, முதலில் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழில் பெட்டி செய்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பைத்தான் நிரல்மொழியோடு எளிதாகக் கிடைக்கும் சாளரக் கருவித்தொகுப்பான டிகின்டர், லினக்ஸில் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்காது. 'வேண்டாம்' என்று எழுதினால் வகரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். டிமெனு என்ற சிறு மெனு நிரலிலும் இதே தொல்லை. ஜிடிகே என்ற இன்னொரு கருவித்தொகுப்பு, பாங்கோ என்ற நூலகத்தின் வழியாக எழுத்தை வரைவதால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். ஆகவே பைத்தானும் ஜிடிகே 3-உம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிகே 4 வேண்டாம். பெட்டியைத் திறந்து பதிலுக்குக் காத்திருக்கும் 'ரன்' செயல்பாட்டை அதில் நீக்கிவிட்டார்கள். தமிழ் எழுத்துரு ஒன்றும் தேவை. நான் லோஹித் தமிழ் போட்டிருக்கிறேன்.

நிரலில் ஜிடிகே டயலாக் ஒன்றை உருவாக்கி, திரையின் நடுவிலும் மற்ற சாளரங்களுக்கு மேலும் நிற்கச் செய்யுங்கள். பிறகு நான்கு பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: அணைத்துவிடு 1, மீண்டும் தொடங்கு 2, தூங்கட்டும் 3, வேண்டாம் 4. மூன்றாவதற்கு முதலில் 'இடைநிறுத்து' என்று எழுதியிருந்தேன். "எதை நிறுத்த வேண்டும் அம்மா?" என்று அப்பா கேட்டார். உடனே மாற்றிவிட்டேன். பெட்டியின் சொற்களை அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இயல்புப் பதிலாக 4-ஐ அமைக்க வேண்டும். 'செட் டிஃபால்ட் ரெஸ்பான்ஸ்' என்ற ஒரே வரி போதும். எதையோ தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது பெட்டி வந்து, பழக்கத்தில் என்டர் விசை விழுந்தால் ஒன்றும் நடக்கக் கூடாது. எஸ்கேப் அழுத்தினாலோ பெட்டியை மூடினாலோ வருவது ஓர் எதிர்ம எண். 1, 2, 3 தவிர எது வந்தாலும் 'வேண்டாம்' என்றே கொள்ளுங்கள். 60 நொடி எண்ணிவிட்டுத் தானாக அணையும் பெட்டிகளை எனக்கு அறவே பிடிக்காது. பெரியவர் ஒருவர் காபி எடுக்க எழுந்து போயிருக்கலாம்.

மூன்று செயல்களுக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு முறையே பவர்ஆஃப், ரீபூட், சஸ்பெண்ட் சேர்த்தால் போதும். கணினிமுன் அமர்ந்திருப்பவர் மட்டுமே உள்ளே நுழைந்திருந்தால் கடவுச்சொல் கேட்காது. இன்னொருவரின் அமர்வும் திறந்திருந்தால் அனுமதி தேவைப்படும். அதைக் கேட்கும் நிரல் ஓடவில்லையென்றால் கட்டளை சத்தமில்லாமல் தோற்றுப்போகும். எனவே அது திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். பூச்சியம் இல்லையென்றால், 'வேறொருவர் இன்னும் வெளியேறாமல் இருக்கலாம், கணினி அணையவில்லை' என்று காட்டுங்கள்.

இனி முக்கியமான பகுதி. பவர்ஆஃப் கட்டளை நேராகப் போனால், சேமிக்காத கோப்பை லிப்ரேஆபிஸ் என்ற அலுவலகச் செயலி கேட்டுச் சேமிக்க நேரம் இருக்காது. முதலில் நம் பெட்டியை அழித்து, தேங்கிய நிகழ்வுகளையெல்லாம் ஜிடிகே முடிக்கும்வரை ஒரு சுழலில் விடுங்கள். இல்லாவிட்டால் பெட்டியே திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு டபிள்யூஎம்சிடிஎல் என்ற சிறு கருவியால் சாளரப் பட்டியலை எடுங்கள். முதல் நெடுவரிசையில் சாளரத்தின் அடையாள எண், இரண்டாவதில் மேசை எண், அதாவது அந்தச் சாளரம் எந்தப் பணிமேசையில் இருக்கிறது என்பது. மேசை எண் -1 என்றிருந்தால் தொடாதீர்கள். அது பணிப்பட்டையாகவோ பின்னணியாகவோ இருக்கும். முதல் நாள் நான் அவற்றையும் மூடித் திரையை வெறுமையாக்கினேன். மீதி ஒவ்வொன்றுக்கும் மூடும்படி வேண்டுகோள் அனுப்புங்கள். தலைப்பில் உள்ள பெருக்கல் குறியைத் தொட்டதற்குச் சமம் இது, 'சேமிக்கவா?' என்று லிப்ரேஆபிஸ் கேட்கும்.

நொடிக்கு ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். மேசை எண் -1 உள்ளவற்றைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் அணைக்கலாம். 20 நொடியாகியும் ஒரு சாளரம் நின்றால், அங்கே ஏதோ கேள்வி பதிலுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். அணைக்காமல் நிரலை முடித்துவிடுங்கள். பதில் சொல்லிவிட்டு அவர் மறுபடி பெட்டியைத் திறக்கட்டும். தூங்கவைப்பதற்கு இவையெதுவும் வேண்டாம்.

கடைசியாக மின்பொத்தான். லேசாக ஒருமுறை அழுத்தினால் பெட்டி வர வேண்டும். இயல்பாக அந்த அழுத்தலை லாகின்டி என்ற பின்னணி நிரல் பிடித்துக் கணினியை அணைத்துவிடும். ஈடிசி அடைவில் சிஸ்டம்டிக்குள் இருக்கும் அதன் அமைப்புக் கோப்பில் ஹேண்டில்பவர்கீ என்ற வரிக்கு இக்னோர் என்று மதிப்புக் கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள். ஓப்பன்பாக்ஸின் ஆர்சி எக்ஸ்எம்எல் கோப்பில், விசைப்பலகைப் பகுதியில், எக்ஸ்எஃப்86பவர்ஆஃப் விசைக்கு நம் நிரலை இயக்கும்படி எழுதுங்கள். பதற்றத்தில் இரண்டு முறை அழுத்தினால் இரண்டு பெட்டிகள் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் எஃப்லாக் கட்டளை மூலம், காத்திருக்க வேண்டாம் என்னும் -n தேர்வோடு நிரலை இயக்கினால் இரண்டாவது வராது.

சோதிக்கும்போது, லிப்ரேஆபிஸில் இரண்டு வரி அடித்துச் சேமிக்காமல் விட்டுவிட்டு மின்பொத்தானைத் தொடுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சோதனையை அப்பாவே செய்தார். 'அணைத்துவிடு' என்றதும் சேமிக்கும் கேள்வி வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முழுவதையும் வாய்விட்டு வாசித்தார், கோப்புக்குப் பெயர் வைத்தார், பிறகு கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரை இருளும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.