50 ரூபாய் வழக்கா, 5 வருட வழக்கா? மிருகவதைப் புகார் எழுதுவது எப்படி

எங்கள் தெரு நாயை ஒருவர் இரும்புக் கம்பியால் அடித்து முன்னங்காலை உடைத்தார். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஸ்டேஷனுக்குப் போனோம். புகாரை வாங்கிப் படித்த ஏட்டையா, "இதுக்கு 50 ரூபா ஃபைன்தாம்மா, நீங்க வந்த ஆட்டோ காசு அதைவிட ஜாஸ்தி" என்றார். கிண்டலாகத்தான் பட்டது. ஆனால் நான் எழுதிக்கொண்டு போன புகாருக்கு அவர் சொன்னது சரியான பதில்தான், ஏனென்றால் "நாயை அடித்தார்" என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அடித்தார் என்று எழுதினால் அது 1960-ஆம் வருட மிருகவதை தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுக்குள் போய்விடும். முதல் தடவை என்றால் 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். 3 வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் போராடியதால் வந்த சட்டம் இது. அன்றைக்கு 50 ரூபாய் பெரிய தொகை, இன்றைக்கும் அதே 50 ரூபாய்தான். போதாததற்கு, இந்தப் பிரிவில் வெறும் அடிதடிக்கு மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது.

ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 325-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ 5 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய ஐபிசி 428, 429-இல் 10 ரூபாய் பெறுமான விலங்கு, 50 ரூபாய் பெறுமான விலங்கு என்று விலைக்கணக்கு இருந்தது, அது இப்போது இல்லை. இந்தப் பிரிவில் போலீஸ் நேராக எஃப்ஐஆர் போடலாம். அதனால் நம் வேலை, நடந்தது 325-க்குள் வருகிறது என்றால் அதைக் காகிதத்தில் காட்டுவது.

முதலில் டாக்டர். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், இல்லையென்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். சீட்டில் "கால் காயம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள், விடாதீர்கள். எலும்பு முறிவு எங்கே, எந்த மாதிரி ஆயுதத்தால் ஆகியிருக்கலாம், அந்தக் கால் இனி பயன்படுமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு "முன்னங்கால் நிரந்தரமாகப் பயன்படாது" என்று வந்த அந்த ஒரு வரிதான் வழக்கையே மாற்றியது. விலங்கு செத்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். ஐஸ் கட்டி போட்டு வைத்து, போலீஸ் மூலம் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். விஷம் என்று சந்தேகம் இருந்தால் மிச்சம் கிடக்கும் சாப்பாட்டைக் கையுறை போட்டு எடுத்துத் தனி டப்பாவில் மூடி வையுங்கள்.

வீடியோ இருந்தால் எடுத்த போனிலேயே இருக்கட்டும். வெட்டாதீர்கள், பாட்டுப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஃபைல் சுருங்கிவிடும், கோர்ட்டுக்கு ஒரிஜினலும் அதோடு மின்னணு சாட்சியத்துக்கான சான்றிதழும் வேண்டும். இன்ஸ்டாவில் உடனே ஆளின் முகத்தைப் போடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆள் மாறிப்போனால் அவதூறு வழக்கு நம் மேல் வரும், பொறுங்கள்.

அப்புறம் புகார். தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள், கையில் என்ன இருந்தது. கடைசியில் "மேற்படி நபர் இரும்புக் கம்பியால் தாக்கி நாயை நிரந்தர ஊனமாக்கியுள்ளார், பாரதிய நியாய சன்ஹிதா 325 மற்றும் மிருகவதை தடுப்புச் சட்டம் 11(1)-இன் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 325 இன்னமும் விலங்கைச் சொத்தாகத்தான் பார்க்கிறது, யாருக்கோ நஷ்டம் ஆகியிருக்க வேண்டும். தெருநாய் யார் சொத்து என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அதற்குத்தான் நாயின் காதைப் பாருங்கள் என்கிறேன். கருத்தடை செய்த நாய்க்குக் காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். பொதுப் பணம் செலவழித்துப் பராமரித்த நாய் என்பதற்கு அது அடையாளம். அதைப் போட்டோ எடுத்து, தினமும் சோறு வைப்பவர் யார், தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் புகாரில் சேருங்கள்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சிஎஸ்ஆர் என்று ஒரு ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது எஃப்ஐஆர் இல்லை. எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்பிக்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆனால் 1960 சட்டப்படி வழக்குப் போட 3 மாதம்தான் கெடு, அலைக்கழிப்பிலேயே அது ஓடிவிடும்.

கொடுமை செய்தது வளர்ப்பவரே என்றால் அதே 1960 சட்டத்தின் 29-வது பிரிவைக் கேளுங்கள். தண்டனை ஆனபின், திரும்ப அவரிடம் விட்டால் கொடுமை தொடரும் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் விலங்கைப் பறிமுதல் செய்யலாம், இனி விலங்கு வைத்திருக்கவே கூடாது என்றும் சொல்லலாம். என்னைக் கேட்டால் சிறையைவிட இதுதான் உறைக்கும். இதை எல்லா வழக்கிலும் கட்டாயமாக்கி, வைத்தியச் செலவையும் அடித்தவரிடமே வசூலித்தால் போதும். வனவிலங்குச் சட்டப்படி மயிலைக் கொன்றால் குறைந்தது 3 வருடம், நாயை உதைத்தால் 10 ரூபாய் என்றால், சட்டம் செயலைப் பார்க்கவில்லை, தோலையும் இறகையும் பார்க்கிறது. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே 1960 சட்டத்தின் தண்டனை போதாது என்றது, 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்தும் கேட்டது. இன்னொரு பக்கம், ஐபிசி 377 போனதோடு விலங்குகள் மீதான பாலியல் கொடுமைக்கு என்று இருந்த பிரிவும் போய்விட்டது.

எங்கள் வழக்கு வாய்தாவில் இருக்கிறது. சம்மன் வந்தால் லீவு போட்டாவது போய்விடுங்கள், சாட்சி வராமல்தான் பாதி வழக்கு படுத்துவிடுகிறது. அக்கா இரண்டு தடவை போய்வந்துவிட்டார், ஆட்டோவுக்குத் தடவைக்கு 180 ரூபாய்.