நிறுத்திவைத்த காரின் பேட்டரியைக் காப்பாற்றுவது எப்படி?

காரைப் பூட்டிய பிறகும் கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் சென்ட்ரல் லாக் எல்லாம் பேட்டரியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மொத்தமாக 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் அது சாதாரணம். ஆனால் 50 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு). 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதி காலி. சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் தகடுகளில் படிந்த லெட் சல்பேட் கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

"வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வையுங்கள்" என்பார்கள். கணக்குப் போட்டால் இது தேறாது. ஒரு வார இழப்பு சுமார் 8 ஆம்பியர் ஹவர். ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) பேட்டரிக்கு 20 ஆம்பியர் போகிறது என்று தாராளமாக வைத்தாலும், ஐந்து நிமிடத்தில் ஏறுவது 2 ஆம்பியர் ஹவர்கூட இல்லை. போதாக்குறைக்கு, சூடேறாத எஞ்சினில் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். ஓட்டுவதானால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டுங்கள்.

படி 1: வோல்டேஜ் பாருங்கள்

வண்டி நின்று சில மணி நேரம் கழித்து, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 அல்லது மேலே என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே சார்ஜ் போடுங்கள்.

படி 2: எத்தனை நாள் நிற்கும்?

இரண்டு வாரம் வரை ஒன்றும் செய்ய வேண்டாம். டாஷ்கேமரா, போன் சார்ஜர் வயர்களை மட்டும் பிடுங்கிவிடுங்கள். அதற்கு மேல் என்றால் மைனஸைக் கழற்றுங்கள், அல்லது ஆட்டோமேட்டிக் சார்ஜர் மாட்டுங்கள்.

படி 3: மைனஸைக் கழற்றுவது

முதலில், பேட்டரியைத் திரும்ப இணைக்கும்போது ஸ்டீரியோ கோட் எண் கேட்குமா என்று பாருங்கள். டிக்கி மின்சாரத்தில் திறப்பதாக இருந்து, பேட்டரியும் அதற்குள்ளேயே இருந்தால் மூடிவிடாதீர்கள். சாவியை எடுத்துச் சில நிமிடம் விட்டு, மைனஸ் நட்டைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும்.

எப்போதும் மைனஸ்தான் முதலில். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், மைனஸ் இணைப்பில் இருக்கும்வரை அது நேரடி ஷார்ட் சர்க்யூட். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. கிளாம்ப் இறுகியிருந்தால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், இடவலமாகத் திருப்பியபடி தூக்குங்கள். கழற்றிய வயர் தானாகத் திரும்பி வந்து ஒட்டாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

கழற்றினாலும் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்கு வந்ததும் சார்ஜ் ஏற்றுங்கள்.

படி 4: சார்ஜர்

மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இதுதான் சரியான வழி. நிறைந்ததும் சுமார் 13.5 வோல்ட்டுக்குத் தானாக இறங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்; தானாகக் குறையாத பழைய வகையை மாட்டிவிட்டுப் போனால் பேட்டரித் தண்ணீர் வற்றும். ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்த வகை) பேட்டரி என்றால் அதற்கான மோட் கட்டாயம். கிளிப்புகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது சுவிட்ச் முதலில். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் சார்ஜ் முடிந்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். ஆசிட் ஊற்றவே கூடாது.

சில நாளிலேயே இறங்கினால்

எங்கோ மின்கசிவு. மைனஸைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி நேரமாவது விட்டு அளவைப் பாருங்கள். இடையில் இக்னிஷனைத் திருகினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் வண்டியின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, ஜிபிஎஸ் போன்றவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.