காய்ச்சல் இல்லாதபோதும் குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள்

நன்றாக விளையாடுகிற பிள்ளையை எதற்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எங்கள் பென்னாகரம் பக்கம் கேட்பார்கள். காய்ச்சலோடு போனால் காய்ச்சலை மட்டும்தான் பார்க்க நேரமிருக்கும். வளர்ச்சியைப் பார்க்க, நன்றாக இருக்கும்போதே போக வேண்டும்.

போகும்போது தாய் சேய் நல அட்டையை மறக்காதீர்கள். அதிலுள்ள எடைக் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று கேளுங்கள். பிறந்த எடை 5 மாத வாக்கில் இரண்டு மடங்காகவும் 1 வயதில் மூன்று மடங்காகவும் ஆவது பொதுவான கணக்கு. பிள்ளை கொழுகொழுவென்று தெரிவதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

6, 10, 14 வாரத் தடுப்பூசிகளை எப்படியோ போட்டுவிடுகிறோம். 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, 5 வயது முடிந்ததும் ஒன்று என்று பூஸ்டர் ஊசிகள் உண்டு, அவைதான் விட்டுப்போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் பல். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்கிற உப்பு அதிகம். ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் வயதில் அதைக் குடித்தால், முளைக்கும்போதே பல் கறையோடு வரும், பிறகு தேய்த்தாலும் போகாது. காய்ச்சினாலும் ஃபுளோரைடு குறையாது. குழந்தைக்கு, காவிரியிலிருந்து குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பிடித்து வைத்துக் கொடுங்கள்.