முகக் கிரீம் முதல் கழிவறை ஆசிட் வரை: நஞ்சை வீட்டுக்குள் விடாதிருக்கும் முறை

குளியலறை அலமாரியில் இருக்கும் அத்தனை பொருளையும் ஒரே நாளில் சந்தேகப்படத் தொடங்கினால், சில வாரங்களில் சலித்துப்போய்ப் பழையபடியே வாங்க ஆரம்பித்துவிடுவோம். ஆகவே உண்மையிலேயே உடம்பைக் கெடுப்பவற்றை உடனே வெளியேற்றுவதும், ஐயத்துக்குரியவற்றைத் தீர்ந்த பிறகு மாற்றிக்கொள்வதுமே நடைமுறைக்கு ஒத்துவரும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து வீடுகளில் முதலில் வெளியேற வேண்டியவை என்று நான் கருதுபவை, தயாரித்தவர் யாரென்றே தெரியாத சிவப்பழகுக் கிரீம், கறுப்பாகப் பிடிக்கும் மருதாணிக் கோன், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் ஆசிட் ஆகியவைதாம்.

கிரீமிலிருந்து தொடங்கலாம். பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் சில வாரங்களிலேயே வெளுத்துவிடுகிறது. அந்த வேகத்தைக் கண்டே பலரும் ஏமாறுகிறார்கள். நமது அழகுசாதன விதிகள், 2020இன்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த மற்ற பூச்சுகளில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இருந்தும் 2023இல், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மலப்புரம் மாவட்டக் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு வந்தவர்கள் பலர் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பூசியவரோடு இது நிற்பதில்லை. துண்டு, தலையணை உறை வழியாகக் குழந்தைகளையும் எட்டும். ஆகவே வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளரின் முழு முகவரி, உற்பத்தி உரிம எண், சேர்மானப் பட்டியல், வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண் ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் கடையிலேயே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே பூசிவந்தவருக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் நிற்கும் நுரையோ தென்பட்டால், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் வாங்கியது என்பதாலேயே ஒரு முகக் கிரீம் நல்லதாகிவிடாது. குளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் எழுதித் தராமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தியவுடன் முன்னிலும் மோசமாகப் பொரிந்து கிளம்பும். நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துவது நல்லது.

மருதாணி விஷயத்தில் நிறமே சாட்சி. வேலியோரத்து இலையைப் பறித்து, எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து, ஆடி நோம்பிக்கு நம் அம்மிச்சிமார் வைத்துவிட்ட மருதாணி, கழுவியவுடன் ஆரஞ்சாகத் தெரிந்து, ஓரிரு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். அரை மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோனில் பெரும்பாலும் கலந்திருப்பது தலைச்சாயத்தில் பயன்படும் பாரா-ஃபினைலீன்டையமின். அது கையில் கொப்புளம் எழுப்புவதோடு, அதன் ஒவ்வாமையை வாழ்நாள் முழுதும் உடம்பில் நிறுத்திவிடவும் கூடும். அப்படி ஒருமுறை கொப்புளம் கண்ட பெண், பிற்காலத்தில் தலைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கிப் போகலாம். சாயம் பூசித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் காதுக்குப் பின்னால் சிறிது தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகே பூச வேண்டும். இந்த வேதிப்பொருள் கலந்த சாயத்தை இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் கண்பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

மஞ்சள் விளையும் ஊரில் இருந்துகொண்டு பொடி மஞ்சளைப் பாக்கெட்டில் வாங்கிப் பூசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மஞ்சளுக்குப் பளபளப்பேற்றச் சில இடங்களில் ஈயக் குரோமேட் பூசப்படுவதுண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மேல்தோல் மங்கலாக, கையில் தேய்த்தால் சாயம் ஒட்டாத விரலி மஞ்சளைப் பார்த்து வாங்கி, கழுவி உலர்த்தி, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். குங்குமத்தில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்கள். தண்ணீர் உடனே ஒளிரும் இளஞ்சிவப்பாக மாறினால் அது செயற்கைச் சாயம். மஞ்சளில் செய்த குங்குமத்தின் நிறம் தண்ணீரில் அப்படிக் கரையாது. ஒட்டும் பொட்டு வைத்த இடம் வெளிறிக்கொண்டே வந்தால், பசையில் உள்ள வேதிப்பொருள் நிறமியை அழிக்கிறது என்று கொண்டு, அன்றே நிறுத்திவிட வேண்டும்.

சோப்பு, ஷாம்பு வாங்குவதற்குச் சில விவரங்கள் போதும். உறையில் டி.எஃப்.எம். என்று அச்சிட்டிருப்பது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. 76 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். ‘பெர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல வேதிப்பொருள்கள் அடங்கியிருக்கலாம் என்பதால், கைக்குழந்தைக்கும் அரிப்பு உள்ளவருக்கும் மணமில்லாததே ஏற்றது. டிஎம்டிஎம் ஹைடான்டாயின், குவாட்டர்னியம்-15 ஆகியவை, தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளைச் சிறிது சிறிதாக வெளிவிடுபவை, அவற்றைத் தவிர்த்துவிடலாம். தலைக்கு நம் பக்கத்து அரப்பும் சீயக்காயும் இன்றும் போதுமானவைதான், ஆனால் உதிரியாக விற்கும் தூளை நம்பாமல், இலையையும் காயையும் வாங்கி அரைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிட்டை நாம் தேடிப் போவதற்குக் காரணம் நமது போர்த் தண்ணீர்தான். பல்லடம், அவிநாசிப் பக்கம் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிவது, தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளும், அவை சோப்போடு சேர்ந்து உண்டாகும் பிசுக்கும் ஆகும். தண்ணீர் காயும்போதுதான் உப்பு படிகிறது என்பதால், கடைசியாகக் குளித்தவர் சுவரையும் தரையையும் வைப்பரால் இழுத்துவிட்டாலே பாதி வேலை குறைந்துவிடும். படிந்த உப்புக்கு, மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் தேயுங்கள். கடப்பாக் கல், சலவைக்கல் தரையில் இதை ஊற்றக் கூடாது, கல்லே அரித்துவிடும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவை மூடிய சிறு குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். எலுமிச்சை உப்போடு சேர்ந்தாலும் இதே கதிதான். தெருவில் வண்டியில் வரும் ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் வாங்கி வைக்கவே வேண்டாம். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், வாயை மட்டும் கழுவிவிட்டு, 108ஐ அழைத்துப் பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கை கழுவும் தொட்டியில் போடும் அந்துருண்டையையும் விட்டுவிடுங்கள். நாஃப்தலீன் உருண்டையோடு பீரோவில் கிடந்த பழந்துணியைப் பச்சிளங்குழந்தைக்குச் சுற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை வரவழைக்கும். பிரசவத்துக்கென எடுத்துவைக்கும் துணிகளைத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, உருண்டை எதுவும் போடாத தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.