எலுமிச்சைச் சாறு ஊற்றியும் திரியாத கிரீம்: மூன்று பொருளில் ஒரு இனிப்பு

கொதித்து இறக்கிய கிரீமில் எலுமிச்சைச் சாற்றை ஊற்று என்று சொன்னால் முதல் தடவை யாருக்கும் கை தயங்கும். ஒரு மூடி எலுமிச்சையைப் பிழிந்தால் பால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் இந்த இனிப்பில் செய்ய வேண்டியதே அதுதான். கொழுப்பு நிறைந்த கிரீமில் சாறு விழும்போது அது கட்டி கட்டியாகத் திரிவதில்லை, குளிரக் குளிர மெல்ல இறுகி, கரண்டி வைத்தால் வழுவழுவென்று பள்ளம் விழுகிற பதத்துக்கு வந்துவிடுகிறது. முட்டை, ஜெலட்டின், சோள மாவு, ஓவன் எதுவும் வேண்டாம். அடுப்படியில் நிற்கிற நேரம் பதினைந்து நிமிடம்கூட ஆகாது, மற்றதெல்லாம் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும்.

இதற்குப் பெயர் பொசெட். இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் பொசெட் என்றால் வேறு: சூடான பாலில் ஒயினோ ஏல் என்கிற பியர் வகையோ ஊற்றித் திரிய வைத்து, மசாலா போட்டு, சளி பிடித்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்த பானம் அது. பின்னாளில் அதற்கென்றே மூக்கு வைத்த குவளைகள் வந்தன, மேலே நிற்கும் கெட்டியைக் கரண்டியால் தின்றுவிட்டு அடியில் கிடக்கும் தண்ணீரை அந்த மூக்கு வழியாக உறிஞ்சுவார்களாம். இப்போது அந்தப் பெயரில் கிடைப்பது குளிர்ந்த எலுமிச்சை கிரீம்தான்.

ஐந்து சின்னக் கிண்ணங்களுக்கு 500 மில்லி கிரீம், 125 கிராம் சர்க்கரை, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 75 மில்லி, அதாவது 5 மேசைக்கரண்டி. கூடவே இரண்டு பழத்தின் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. பழத்தை எண்ணி நம்பாதீர்கள், பெரிய பழம் இரண்டிலேயே இந்தச் சாறு வந்துவிடும், சின்னப் பழம் என்றால் ஐந்தாறு கூடத் தேவைப்படலாம். அளந்து ஊற்றுங்கள். மஞ்சள் பழமா பச்சைப் பழமா என்பது பிரச்சினையே இல்லை, இரண்டிலும் புளிப்பு போதுமானது, வாசனைதான் மாறும். பாட்டில் சாற்றிலும் உறையும், ஆனால் மூன்றே பொருள் இருக்கிற இனிப்பில் ஒன்று சுமாராக இருந்தால் அது ஒளிய இடமே கிடையாது.

சரி, கிரீம். இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். முதல் தடவை கையில் இருந்த ஏதோ ஒரு கிரீமை, கிரீம்தானே என்று, லேபிளைப் பார்க்காமல் ஊற்றிச் செய்தேன். மறுநாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்தால் ஐந்து கிண்ணத்திலும் எலுமிச்சை வாசனையோடு நல்ல கெட்டியான பால் இருந்தது, அவ்வளவுதான். அப்புறம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், கொழுப்பு 25 சதவீதம். குறைந்தது 35 சதவீதமாவது இருக்க வேண்டும், 40-க்கு மேல் என்றால் இன்னும் நிம்மதி. விப்பிங் கிரீம், ஹெவி கிரீம், டபுள் கிரீம் என்று பெயர் எப்படி இருந்தாலும் பின்னால் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். இன்னொன்று, கேக்குக்கு மேலே அடித்துப் பூசுவதற்கென்று தாவர எண்ணெயில் செய்கிற நான்-டெய்ரி கிரீம் வேண்டவே வேண்டாம். உறைவதற்குப் பாலின் புரதம் தேவை, அதில் அது மிகக் குறைவு, போதாததற்கு ஏற்கெனவே சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால், பாலில் கேசின் என்ற புரதம் இருக்கிறது. புளிப்பு ஏறினால் அந்தப் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பாலில் தண்ணீர்தான் அதிகம், கொழுப்பு 3, 4 சதவீதம்தான், அதனால் துகள்கள் தாராளமாகச் சேர்ந்து பெரிய கட்டிகளாகிவிடும், தண்ணீர் தனியே நிற்கும். கெட்டிக் கிரீமில் புரதம் குறைவு, எங்கு திரும்பினாலும் கொழுப்புத் துளிகள் குறுக்கே நிற்கின்றன, பெரிய கட்டியாகச் சேர இடமில்லாமல் மெல்லிய வலை மாதிரி பரவி அந்தக் கொழுப்பையும் தண்ணீரையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. குளிர்ந்ததும் கொழுப்பும் இறுகும். இது புரிந்துவிட்டால் செய்முறையில் எதில் விளையாடலாம், எதில் கூடாது என்று தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் தோலைத் துருவுங்கள், பிறகு பிழியுங்கள். பிழிந்த மூடியைத் துருவிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். மேல் நிறம் மட்டும் வந்தால் போதும், அடியில் இருக்கும் வெள்ளை கசக்கும். துருவலைச் சர்க்கரையில் போட்டு விரலால் நன்றாகக் கசக்குங்கள், சர்க்கரை ஈரமாகி வாசனை தூக்கும். இரண்டு நிமிட வேலை, ஆனால் ருசியில் பாதி இதில்தான் இருக்கிறது.

பாத்திரம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியதாக இருக்கட்டும், கிரீமின் அளவைப்போல மூன்று மடங்கு கொள்கிற மாதிரி, ஏனென்றால் கொதிக்கிற கிரீம் பாலைவிட மோசமாகப் பொங்கும், கண்ணை எடுத்தால் அடுப்பெல்லாம் பிசுபிசு. புளிப்பு சேரப்போவதால் அலுமினியம் வேண்டாம், எவர்சில்வர் நல்லது. கிரீம், கசக்கிய சர்க்கரை, உப்பு மூன்றையும் போட்டு நடுத்தரத் தீயில் வையுங்கள், சர்க்கரை கரையும்வரை கிளறிக்கொண்டே இருங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அடங்காமல் ஆனால் பொங்காமல் கொதிக்கிற நிலையில் சரியாக 3 நிமிடம். கடிகாரம் பார்த்துத்தான். இந்த 3 நிமிடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி கிரீம் இன்னும் கெட்டியாகிறது, சும்மா சூடாக்கி இறக்கினால் பதம் தளர்ந்துபோகும். அதற்காகப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டாலும் தப்பு, கொழுப்பு பிரிந்து எண்ணெய் மிதக்க ஆரம்பிக்கும்.

அடுப்பை அணைத்து இறக்கி வைத்து, சாற்றை ஒரேயடியாக ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்க வேண்டாம், நுரை வந்தால் மேல்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். கலந்தவுடனே லேசாகத் திடமாகிற உணர்வு கரண்டியில் தெரியும், அது திரிவதல்ல, பயப்படாதீர்கள். இப்போது திரும்ப அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், அவ்வளவுதான். பாத்திரத்திலேயே 15, 20 நிமிடம் ஆற விடுங்கள். இந்த நேரத்தில் தோலின் வாசனை இறங்கும், சூட்டோடு ஊற்றினால் மேலே படிகிற ஆடையும் வராது. அப்புறம் வடிகட்டிக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். கிண்ணம் சின்னதாக இருக்கட்டும், இது கனமான இனிப்பு, அளவுக்கு மேல் சாப்பிட்டால் திகட்டும். பிழிந்த மூடிகளை உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து அதிலேயே ஊற்றி உறைய வைக்கலாம், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மூடி சாய்ந்து கொட்டாமல் ஃபிரிட்ஜ் வரை கொண்டுபோவது தனிக் கலை, எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து உள்ளே சொட்டும். 4 மணி நேரத்தில் உறையும், முந்தின நாள் இரவே செய்துவிட்டால் பதம் இன்னும் நன்றாக இருக்கும். அசைத்தால் ஓரம் நிலையாகவும் நடு லேசாக ஆடியபடியும் இருக்க வேண்டும்.

உறையவில்லையா? கிரீமின் கொழுப்பு சரியாக இருந்தால் கொதி போதவில்லை அல்லது சாறு குறைவு. எல்லாவற்றையும் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றி, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே சூடாக்கி, இரண்டு மூன்று நிமிடம் வைத்து, இறக்கிய பிறகு ஒரு கரண்டி சாறு சேர்த்து மறுபடி ஊற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கிரீமே கொழுப்பு குறைந்தது என்றால் இந்த முயற்சியெல்லாம் வீண். என்னுடைய அந்த ஐந்து கிண்ணத்தையும் ஃப்ரீசரில் வைத்து, நடுவில் இரண்டு தடவை கரண்டியால் கிளறிவிட்டு, ஐஸ்கிரீம் என்று சொல்லிக் கொடுத்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை.

சர்க்கரையைக் குறைக்கலாமா என்று கட்டாயம் தோன்றும். 100 கிராம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே போனால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும், பதமும் மாறும். ஆரஞ்சு வேண்டுமென்றால் அதன் தோலை மட்டும் போட்டு, சாறு எலுமிச்சையாகவே இருக்கட்டும், ஆரஞ்சுச் சாற்றில் அந்த அளவு புளிப்பு இல்லை. சூடாக்காத அன்னாசிச் சாறும் கிவியும் கலக்கவே கூடாது, அவற்றில் இருக்கும் நொதி புரதத்தைச் சிதைத்துவிடும், உறையாது, கசக்கவும் செய்யும். பழத் துண்டுகளை மேலே போடுவதாக இருந்தால் பரிமாறும் நேரத்தில் போடுங்கள், ஒரு மொறுமொறு பிஸ்கட்டும் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் கிண்ணத்துக்குள் கடிக்க ஒன்றுமே இல்லை. மூடி வைத்தால் ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும், வெங்காயம் நறுக்கி வைத்த டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், கிரீம் எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.